ஹோஸ் புடிக்கும்போது யார் எங்க நிக்கணும்? அடிக்கடி வர்ற கேள்விகளும் பதிலும்

பத்து வருஷத்துக்கு மேல கம்பெனி கம்பெனியா போய் ஃபயர் ட்ரெய்னிங் குடுத்துட்டு இருக்கேன். ஏப்ரல் 14 தீயணைப்பு வாரம் ஆரம்பிச்சா 20ஆம் தேதி வரைக்கும் ஃபோன் நிக்காது, மத்த மாசத்துல ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க, அது வேற கதை. எக்ஸ்டிங்விஷர் பத்தி சொன்னா எல்லாருக்கும் டக்குனு புரிஞ்சிடும். ஹோஸ் லைன்னு வந்தா மட்டும் எந்த ஊருக்குப் போனாலும் அதே சந்தேகங்க, அதே வார்த்தைல வரும். அதையெல்லாம் கேட்டவங்க கேட்ட மாதிரியே கீழ போட்டிருக்கேன். படிச்சிட்டு ட்ரில்லுக்கு வந்தா எனக்கு பாதி வேலை மிச்சம்.

ஒரு ஹோஸ்தானே சார், ஒருத்தர் புடிச்சா பத்தாதா? எதுக்கு இத்தன பேரு?

சுவத்துல சக்கரம் மாதிரி மாட்டியிருக்குமே அந்த ஹோஸ் ரீல், அது ஒரு ஆள் சமாச்சாரம்தான். நான் சொல்றது 63 மி.மீ. டெலிவரி ஹோஸ், ஹைட்ரன்ட் (தீயணைக்கறதுக்குன்னே போட்ட தண்ணிக் குழாய்) பொட்டியில மடிச்சு வச்சிருக்கறது. 15 மீட்டர் நீளம் ஒண்ணுக்குள்ள தண்ணி நிறைஞ்சா கிட்டத்தட்ட 47 லிட்டர், அதாவது 47 கிலோ. ரெண்டு நீளம் சேத்துட்டீங்கன்னா கிட்டத்தட்ட 94 கிலோ, ஹோஸோட சொந்த வெயிட்ட நான் இன்னும் சேர்க்கவே இல்ல.

வெயிட்டாவது தரையில கிடக்குது. தண்ணி முன்னாடி பாயும்போது பிராஞ்ச (ஹோஸ் முனையில கையில புடிக்கிற குழாய) பின்னாடி தள்ளும், அதுதான் ரியாக்‌ஷன். 20 மி.மீ. நாசில்ல 7 பார் பிரஷர் வந்தா பின்தள்ளு சுமார் 440 நியூட்டன், 45 கிலோ மூட்டை ஒண்ணு உங்க நெஞ்சுல சாஞ்சுகிட்டே இருக்கற மாதிரி, அதுவும் ஒரு செகண்ட் கூட விடாம. அதே 12.5 மி.மீ. நாசில்ல 5 பார்னா 12, 13 கிலோதான் வரும். அதனால "நான் ஒத்தையா புடிச்சிருக்கேன் சார்"ன்னு யாராவது சொன்னா பொய்யின்னு சொல்ல மாட்டேன், எந்த நாசில், எவ்ளோ பிரஷர்னு மட்டும் கேப்பேன்.

சரி, யார் யாருக்கு என்ன பேரு, என்ன வேலை?

முன்னாடி பிராஞ்ச புடிக்கிறவர் பிராஞ்ச்மேன். அவருக்கு முதுகுக்குப் பின்னாடி ஒட்டுனாப்ல இருக்கறவர் பேக்கப், சில இடத்துல ரெண்டாம் ஆள்னும், ஹெல்ப்பர்னும் சொல்வாங்க (ஹெல்ப்பர்ங்கற பேரு எனக்குப் புடிக்காது, ஏன்னு நாலாவது கேள்வில பாருங்க). ஹோஸ் வளையற மூலையிலயோ வாசல்லயோ நின்னு ஹோஸ உள்ள தள்ளி விடறவர் ஒருத்தர், நான் அவர மூலை ஆள்னுதான் கூப்பிடுவேன். வண்டி இருந்தா பம்ப் ஆபரேட்டர், ஹைட்ரன்ட் லைன்னா வால்வுகிட்ட நிக்கிறவர். இவங்க எல்லாரையும் பாத்துகிட்டு, தீயையும் பாத்துகிட்டு முடிவு எடுக்கறவர் லீடர்.

ஃபயர் சர்வீஸ்ல இது ட்ரில் புத்தகத்துல நம்பர் போட்டே இருக்கும், ஒண்ணாம் நம்பர் ரெண்டாம் நம்பர்னு. கம்பெனி டீமுக்கு நம்பர் சொல்லிக்குடுத்தா அடுத்த மாசம் மறந்துடறாங்க, வேலைய வச்சு பேரு சொன்னா மறக்கறதில்ல.

பிராஞ்சுன்னா நாசில்தானே?

பேச்சுல ரெண்டையும் ஒண்ணாத்தான் சொல்றாங்க, தப்பில்ல. சரியா சொல்லணும்னா கையில புடிக்கிற குழாய் பிராஞ்ச், அதோட நுனியில தண்ணி வெளிய வர்ற ஓட்டை இருக்கற துண்டு நாசில். பழைய பிராஞ்சுல திறக்க மூட லீவரே கிடையாது, தண்ணி வந்துச்சுன்னா வந்துகிட்டே இருக்கும், நிறுத்தறது பம்புலதான். உங்க பொட்டியில எது இருக்குன்னு இன்னிக்கே போய் பாத்துடுங்க, ஏன்னா கீழ வர்ற பாதி பதில் அத பொறுத்துத்தான் மாறும்.

பின்னாடி நிக்கிறவர் சும்மா ஹோஸ தொட்டுகிட்டு நிக்கிற மாதிரிதானே தெரியுது, அவருக்கு என்ன பெரிய வேலை?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்த பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன். மேல சொன்ன அந்த 45 கிலோவ தாங்க வேண்டியவர் பேக்கப்தான், பிராஞ்ச்மேன் இல்ல. பிராஞ்ச்மேனோட கை நாசில திருப்பறதுக்கும் லீவர போடறதுக்கும் ஃப்ரீயா இருக்கணும். அவரே தள்ளையும் தாங்கிகிட்டு குறியும் பாக்கணும்னா ரெண்டே நிமிஷத்துல கை நடுங்கிடும், அப்புறம் தண்ணி தீயில படாது, கூரையில படும்.

பேக்கப் ஒரு கை நீளம், மிஞ்சிப்போனா ஒரு மீட்டர் பின்னாடி இருக்கணும். ஹோஸ அக்குளுக்கும் இடுப்புக்கும் நடுவுல அணைச்சு, ஒரு காலை பின்னாடி ஊணி, உடம்ப லேசா முன்னாடி சாய்ச்சு வச்சா ரியாக்‌ஷன் அவர் காலு வழியா தரைக்குப் போயிடும். முன்னாடி உள்ள ரெண்டு மூணு மீட்டர் ஹோஸ் நேரா இருக்கணும், அதுவும் அவர் பொறுப்பு. பிராஞ்ச்மேன் மேல பாத்து அடிச்சா பேக்கப் ஹோஸ கீழ இறக்கணும், இடது பக்கம் திரும்புனா இவர் வலது பக்கமா நகரணும், ரெண்டு பேரும் ஏத்தம் இறைக்கிற மாதிரி ஒருத்தர் ஏற ஒருத்தர் இறங்க வேலை செய்யணும்.

இதுல ரெண்டு தப்பு அடிக்கடி பாக்குறேன். ஒண்ணு, ஆர்வக்கோளாறுல பேக்கப் முன்னாடி தள்ளிகிட்டே இருப்பார், பிராஞ்ச்மேன் பாவம் விருப்பமில்லாமலே தீய நோக்கி நடப்பார். இன்னொண்ணு, ஃபோட்டோ எடுக்கறாங்கன்னு கேமராவ பாத்து சிரிப்பார். ஒரு ஆலையில ட்ரில் நடந்தப்போ பேக்கப் ஆள் ஃபோன் அடிக்குதுன்னு ஒரு கைய எடுத்தார், அவ்ளோதான், முன்னாடி இருந்தவர் நாலடி பின்னாடி வந்து இவர் மேலயே உக்காந்துட்டார். நல்லவேளை ஈர மண்ணு, ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆகல, நான்தான் அன்னிக்கு சாப்பிடல.

ரெண்டு பேரும் ஹோஸுக்கு ஒரே பக்கம் நிக்கணுமா, ஆளுக்கு ஒரு பக்கமா?

ரெண்டு விதமாவும் சொல்லிக்குடுக்கறவங்க இருக்காங்க. நான் ஒரே பக்கம்தான் சொல்றேன். காரிடார்ல சுவத்த ஒட்டி போகும்போது ஆளுக்கு ஒரு பக்கம்னா ஒருத்தர் சுவத்துல நசுங்குவார், திரும்பி வரும்போது ஹோஸ் நடுவுல இருக்கறதால கால்ல சிக்கும். எந்தப் பக்கம்ங்கறத பிராஞ்ச்மேன் முடிவு பண்ணட்டும், மத்தவங்க அவர பாத்து மாத்திக்கலாம்.

நல்ல பாடி பில்டர் மாதிரி இருக்கறவரைத்தானே பிராஞ்சுல போடணும்?

எல்லா கம்பெனியிலயும் இதான் நடக்குது, நான் போனதும் ஜிம் பாடி ஒருத்தர முன்னாடி தள்ளி விடுவாங்க. நாலாவது பதில படிச்சீங்கன்னா உங்களுக்கே தெரியும், பலசாலி பின்னாடிதான் வேணும். முன்னாடி வேணுங்கறது நிதானமான ஆள், பதட்டத்துல லீவர டபக்குனு திறந்து டபக்குனு மூடாதவர், பின்னாடி குரல் வந்தா காது குடுக்கறவர்.

கனமா இருக்கறதுல ஒரு சௌகரியம் உண்டு, இல்லன்னு சொல்லல. ஆனா முட்டி போட்டு, ஹோஸ தொடைக்குக் கீழ அமுக்கி உக்காந்துட்டா 55 கிலோ ஆளும் சமாளிப்பார். நின்னுகிட்டே புடிக்கறதுதான் கஷ்டம். கட்டிடத்துக்குள்ள நிக்கவும் கூடாது, புகையும் சூடும் மேலதானே இருக்கும்.

லேடீஸ டீம்ல சேக்கலாமா? எங்க ஹெச்.ஆர். வேணாம்ங்கறாங்க.

சேக்கலாம், சேக்கணும். 2012 ஜனவரியில சென்னை சேப்பாக்கம் எழிலகம் வளாகத்துல பழைய கட்டிடம் தீப்புடிச்சப்போ உள்ள இறங்கி வேலை பாத்து படுகாயம் அடைஞ்ச தீயணைப்பு அதிகாரி பிரியா ரவிச்சந்திரன் ஒரு பெண்தான். அந்தத் தீயில ஒரு தீயணைப்பு வீரர் உயிரையே விட்டார். அத உங்க ஹெச்.ஆர். கிட்ட சொல்லுங்க.

டெக்னிக்கலாவும் தடை ஒண்ணுமில்ல, மேல சொன்ன முட்டி போடற முறையும் சரியான நாசில் சைஸும் போதும். எனக்கு வாய்ச்ச நல்ல பம்ப் ஆபரேட்டர்ல ஒருத்தவங்க ஒரு தைக்கற கம்பெனில க்யூசியில (தரம் பாக்கற வேலையில) இருந்த அக்கா. பிரஷர் கேஜ் முள்ளுல வச்ச கண்ண எடுக்கவே மாட்டாங்க.

மேல் கப்ளிங் எந்தப் பக்கம், ஃபீமேல் எந்தப் பக்கம்? ஒவ்வொரு தடவையும் மாத்தி போட்டுடறோம்.

முதல்ல ஒண்ணு, "மேல்"னா மேல பக்கம்னு நினைச்சு ஹோஸ தலைகீழா புடிச்சவங்கள நான் நிஜமாவே பாத்திருக்கேன். கப்ளிங்னா ஹோஸ் முனையில இருக்கற ஜாயின்ட், இது ஆண் முனை, பெண் முனை. நம்ம ஊரு இன்ஸ்டன்டேனியஸ் கப்ளிங்ல (சொருகினாலே மாட்டிக்கற வகை) ஹைட்ரன்ட், பம்ப் அவுட்லெட், மாடியில இருக்கற லேண்டிங் வால்வு எல்லாமே பெண் முனை. அதனால ஹோஸோட ஆண் முனைய அங்க சொருகணும். ஹோஸோட பெண் முனை தீய பாத்து போகும், அதுல பிராஞ்சோட ஆண் முனை சொருகும்.

பெண் முனையில ரெண்டு பக்கமும் இழுக்கற குமிழ் மாதிரி இருக்கும், இருட்டுல தடவினாலும் தெரியும். சொருகும்போது "டக்"குன்னு சத்தம் வரணும், வந்தப்புறமும் ஒரு தடவை இழுத்துப் பாக்கணும். இத பாக்க வேண்டியது ஹோஸ விரிச்சு மாட்டிகிட்டு போற ஆள்தான், பிராஞ்ச்மேன் தன்னோட ஜாயின்ட மட்டும் பாத்தா போதும்.

தண்ணி திறக்கச் சொல்றது யாரு? நாங்க எல்லாரும் சேந்து கத்துவோம்.

அதான் பிரச்சனையே. பத்து பேர் கத்தினா வால்வுகிட்ட நிக்கிறவருக்கு "திற"வும் "நிறுத்து"வும் ஒண்ணாத்தான் கேக்கும். ஒரே குரல்தான் இருக்கணும். பிராஞ்ச்மேன் ரெடி, பேக்கப் அவர் தோள தட்டி ரெடி, அப்புறம் லீடர் "வாட்டர் ஆன்". தூரம்னா கை சைகை, இல்ல நடுவுல ஒரு ஆள் கேட்டு திருப்பி சொல்லணும். நிறுத்தறதுக்கு "வாட்டர் ஆஃப்"போ "நாக் ஆஃப்"போ, எதுன்னு ட்ரில் அன்னிக்கே முடிவு பண்ணிடுங்க. நிறுத்தறதுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு, ஆபத்த பாத்தவர் யாரா இருந்தாலும் கத்தலாம், லீடர் வாய பாத்துகிட்டு இருக்க வேணாம்.

பிராஞ்சுல ஆள் இல்லாம தண்ணி விடவே கூடாது. விடும்போதும் வால்வ மெதுவா திறக்கணும், பிராஞ்ச்மேனும் லீவர மெதுவாத்தான் மூடணும். ஓடற தண்ணிய சடார்னு நிறுத்தினா அந்த அடி பூரா ஹோஸ்லயும் பம்புலயும் திருப்பி விழும், வாட்டர் ஹேமர்னு சொல்றது அதத்தான். பழைய ஹோஸா இருந்தா அங்கயே கிழிஞ்சிடும்.

பம்ப் ஆபரேட்டர் வண்டிகிட்ட சும்மாதானே நிக்கிறார், ஆள் கம்மியா இருக்கும்போது அவரையும் ஹோஸுக்கு கூப்பிட்டுக்கலாமா?

கூப்பிடவே கூடாது. கணக்கு போட்டு காட்டறேன். வாட்டர் டெண்டர்ல (தண்ணி டேங்க் உள்ள தீயணைப்பு வண்டியில) 4,500 லிட்டர் தண்ணி இருக்குன்னு வைங்க. 20 மி.மீ. நாசில் 7 பார்ல நிமிஷத்துக்கு 700 லிட்டர் குடிக்கும், அப்போ ஆறு நிமிஷம் சொச்சத்துல டேங்க் காலி. உள்ள இருக்கறவங்களுக்கு அது தெரியாது, புகைக்குள்ள தண்ணி நின்னப்புறம்தான் தெரியும். டேங்க் பாதி ஆச்சு, கால்வாசி ஆச்சுன்னு சொல்ல வேண்டியவர் பம்ப் ஆபரேட்டர். அடுத்த தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு பாக்கறதும் அவர்தான்.

பிரஷரும் அவர் கையிலதான். உள்ள பிராஞ்ச டக்குனு மூடினா கேஜ் முள்ளு எகிறும், ரெண்டாவது லைன் திறந்தா முதல் லைன்ல பிரஷர் இறங்கும், ஹோஸ் எங்கயாவது வெடிச்சா ஒரே நொடியில மூடணும். இவ்ளோத்துக்கும் ஒரு ஆள் அங்கயே நிக்கணும். ஹைட்ரன்ட் வால்வுகிட்ட நிக்கிறவருக்கும் இதே சட்டம்தான், திறந்து விட்டுட்டு வேடிக்கை பாக்க ஓடி வந்துடக் கூடாது.

எங்க ஷிஃப்ட்ல மொத்தமே மூணு பேருதான். எப்படி பிரிக்கிறது?

வால்வுல ஒருத்தர், பிராஞ்சுல ஒருத்தர், பேக்கப்ல ஒருத்தர். பேக்கப்தான் லீடர், ஏன்னா அவருக்குத்தான் பிராஞ்ச்மேனும் தெரியும், பின்னாடி வாசலும் தெரியும். மூலை ஆள் கிடையாதுங்கறதால ஹோஸ தண்ணி விடறதுக்கு முன்னாடியே வளைவு வளைவா விரிச்சு போட்டுக்கணும், தண்ணி ஏறினப்புறம் அந்த கனத்த யாரும் இழுக்க முடியாது. நாசிலும் சின்னது, 12.5 மி.மீ. இல்லன்னா ஃபாக் நாசில்ல (தண்ணிய தூறலா விடறது) ஸ்ப்ரே.

மூணு பேர் வச்சுகிட்டு கட்டிடத்துக்குள்ள போகாதீங்க. வெளியேர்ந்து, ஜன்னல் வழியா, பக்கத்துல பரவாம அடிக்கலாம். 101க்கோ 112க்கோ ஃபோன் பண்றது இதுக்கெல்லாம் முந்தி, அதுக்கு நாலாவது ஆளா செக்யூரிட்டி இருக்காரே. ரெண்டே பேருன்னா 63 மி.மீ. ஹோஸ தொடவே தொடாதீங்க, ஹோஸ் ரீல எடுங்க.

மூலை ஆள் மூலை ஆள்ங்கறீங்க, அவர் இல்லாட்டி என்னதான் ஆயிடும்?

தண்ணி நிறைஞ்ச ஹோஸ் மரக்கட்டை மாதிரி. அது வாசப்படி முனையில ஒரு தடவை சிக்கிடுச்சுன்னா முன்னாடி ரெண்டு பேர் எவ்ளோ இழுத்தாலும் வராது, அவங்க நினைப்பாங்க ஹோஸ் நீளம் அவ்ளோதான்னு. பின்னாடி வந்து பாத்தா கதவு இடுக்குல மாட்டிகிட்டு கிடக்கும். கிடங்கு மாதிரி இடத்துல அடுக்கு அடுக்கா ரேக் இருந்தா ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு உரசல். ரெண்டு திருப்பத்துக்கு மேல போச்சுன்னா முன்னாடி எத்தன பலசாலி இருந்தாலும் பிரயோஜனமில்ல. எத்தன ஆள் வேணும்னு கேக்கறவங்ககிட்ட நான் தூரத்த கேக்க மாட்டேன், எத்தன மூலைன்னுதான் கேப்பேன்.

அவர் திருப்பத்துக்கு வெளிப்பக்கமா நின்னு ஹோஸ ஒரு வில்லு மாதிரி வளைச்சு வச்சுகிட்டு, முன்னாடி இழுக்க இழுக்க விட்டுக் குடுக்கணும். பின்வாங்கும்போது திருப்பி இழுத்துக்கணும், இல்லன்னா ஹோஸ் முன்னாடி இருக்கறவங்க காலுகிட்ட குவிஞ்சு மடிஞ்சுக்கும், மடிஞ்சா தண்ணி குறையும். கதவு தானா மூடிக்காம கட்டை வைக்கறதும் இவர்தான். புகை வாசலுக்கு வெளிய எப்படி வருதுன்னு முதல்ல தெரியறதும் இவருக்குத்தான், கருத்து வேகமா வந்தா உள்ள கத்தணும்.

மாடியில தீன்னா இதெல்லாம் எப்படி மாறும்?

தீ இருக்கற தளத்துக்கு ஒரு தளம் கீழ இருக்கற லேண்டிங் வால்வுல ஹோஸ மாட்டுங்க. அதே தளத்துல மாட்டினா படிக்கட்டு கதவ திறந்ததுமே புகைக்குள்ள நின்னு கப்ளிங் தேடிகிட்டு இருப்பீங்க. அப்புறம் ஹோஸ தீ இருக்கற தளத்த தாண்டி மேல் படிக்கட்டு வரைக்கும் கொண்டு போய் மடக்கி திருப்பி கீழ கொண்டு வந்து வாசல்ல வைங்க. மேலேர்ந்து இறங்கற ஹோஸ் தன் கனத்துலயே வழுக்கிகிட்டு வரும், கீழேர்ந்து மேல இழுக்கறதுன்னா உயிர் போயிடும்.

மூலை ஆள் இங்க படிக்கட்டு ஆள், இது அவரோட ராஜ்ஜியம். பம்புல இருக்கறவர் ஒண்ணு ஞாபகம் வச்சுக்கணும், ஒவ்வொரு 10 மீட்டர் உயரத்துக்கும் சுமார் ஒரு பார் பிரஷர் வழியிலயே போயிடும், மூணு மாடிக்கு ஒரு பார்னு வச்சுக்கலாம்.

கதவ யாரு திறக்கணும்? பிராஞ்ச்மேனா?

இல்ல, அவர் கை பிராஞ்ச விட்டு வரக்கூடாது. லீடரோ மூலை ஆளோ திறக்கணும். திறக்கறதுக்கு முன்னாடி புறங்கையால கதவு மேல்பக்கம் சூடு பாக்கணும், எல்லாரும் குனிஞ்சு கதவுக்கு நேரா இல்லாம ஓரமா இருக்கணும், தண்ணி பிராஞ்ச் வரைக்கும் வந்திருக்கணும், ஒரு தடவை பிராஞ்ச திறந்து ஹோஸ்ல உள்ள காத்த வெளிய விட்டு பாத்திருக்கணும். தண்ணி வர்றதுக்கு முன்னாடி கதவ திறக்கறது அடுப்புல ஊதுகுழல் வச்சு ஊதற மாதிரி.

உள்ள போனதும் கண்டபடி அடிக்க வேணாம். தண்ணி ஆவியானா கிட்டத்தட்ட 1,700 மடங்கு விரியும், சின்ன ரூமுக்குள்ள அந்த ஆவி வேற வழியில்லாம உங்க பக்கம்தான் வரும். இட்லி குண்டானுக்குள்ள தலைய விட்ட மாதிரி இருக்கும்.

ரெண்டு லைன் இருந்தா முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு ரெண்டு பக்கமும் அடிக்கலாம்ல, சீக்கிரம் அணையுமே?

கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு டீம் அடிக்கிற தண்ணியும் அதோட போற காத்தும் சூட்டையும் ஆவியையும் எதிர்ல இருக்கற டீம் மேல தள்ளும். ஒருத்தர ஒருத்தர் வேக வச்சுக்கறதுதான் நடக்கும். ரெண்டு லைனும் ஒரே பக்கத்துலேர்ந்து போகணும், இல்ல பக்கவாட்டுல ஒரு மூலை விட்டு அடுத்த மூலை. ரெண்டாவது லைன் பெரும்பாலும் முதல் டீமுக்கு பாதுகாப்பாத்தான் பின்னாடி நிக்கும். ரெண்டு டீமுக்கும் மேல ஒரே லீடர், இது மட்டும் மாறவே கூடாது.

பிராஞ்ச் கைய விட்டு போயிட்டா யாரு பாஞ்சு புடிக்கணும்?

யாரும் பாயக்கூடாது! பிரஷரோட ஆடற பிராஞ்ச் பித்தளைக் கட்டை, மண்டையில பட்டா அவ்ளோதான். எல்லாரும் விலகணும், "வாட்டர் ஆஃப்" கத்தணும், வால்வுல இருக்கறவர் மூடணும். அவர் அங்கேர்ந்து நகரக் கூடாதுன்னு முன்னாடி அடிச்சு சொன்னேன்ல, அதுக்கு இதுவும் காரணம்.

பிராஞ்ச்மேன் மயங்கி விழுந்தா கதை வேற. பேக்கப் ஒரு எட்டு முன்னாடி வந்து பிராஞ்ச வாங்கிக்கணும், லீவர் இருந்தா மூடணும், அதுக்கப்புறம்தான் விழுந்தவர கவனிக்கணும். தீ முன்னாடி எரியும்போது தண்ணிய விட்டுட்டு ஆள தூக்கினா தூக்கறதுக்கு இன்னும் ரெண்டு பேர் தேவைப்படும். சுவாசக் கருவி போட்டு போனவங்கன்னா, சிலிண்டர்ல சுமார் 55 பார் வரும்போது விசில் அடிக்கும், ஒருத்தரோடது அடிச்சா மொத்த டீமும் வெளிய வரணும். விசில் வரைக்கும் காத்திருக்காம அதுக்கு முன்னாடியே கிளம்பிடறதுதான் புத்திசாலித்தனம்.

புகைக்குள்ள வழி தெரியாம போயிட்டா ஹோஸ புடிச்சுகிட்டு வந்துடலாம்ங்கறாங்க. ஆனா எந்தப் பக்கம் வெளியன்னு எப்படி தெரியும்?

நல்ல கேள்வி, இத கேக்கறவங்க ரொம்ப கம்மி. ஹோஸ் மேல கைய வச்சு ஊர்ந்துகிட்டே போனா ஒரு ஜாயின்ட் வரும். கப்ளிங் பத்தின பதில ஞாபகப்படுத்திக்கோங்க, பம்புலேர்ந்து வர்ற ஹோஸ் பெண் முனையில முடியும். அப்போ ஜாயின்ட்ல குமிழ் இருக்கற பெண் முனை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் வெளிய.

ஒரு எச்சரிக்கை. அமெரிக்க வீடியோ பாத்து கத்துகிட்டு வர்றவங்க இத நேர் எதிரா சொல்வாங்க, அவங்களும் சரிதான். அங்க மரை போட்ட கப்ளிங், ஹைட்ரன்ட்லயே ஆண் முனைதான் இருக்கும், அதனால அங்க ஆண் முனை இருக்கற பக்கம் வெளிய. நம்ம ஊர்ல அத நம்பி போனா நேரா தீக்குள்ளதான் போவீங்க. கண்ண கட்டிகிட்டு உங்க ஹோஸ்லயே நாலு தடவை தடவிப் பாருங்க.

யூடியூப்ல நியூயார்க் ஃபயர்ல வேற என்னென்னமோ பேரு சொல்றாங்களே, அங்க வேற முறையா?

பேருதான் வேற. அங்க நாசில், பேக்கப், டோர், கன்ட்ரோல்னு ஆளுக்கு ஒரு இடம், வண்டியோட்டி பம்ப பாக்கறவர் ஷோஃபர், எல்லாத்துக்கும் மேல ஆபீசர். டோர்ங்கறவர் நம்ம மூலை ஆள். கன்ட்ரோல்ங்கறவர் எத்தன நீளம் ஹோஸ் வேணும்னு கணக்கு பண்ணி, மடங்காம போகுதான்னு பாத்து, தண்ணி திறக்க ஏற்பாடு பண்றவர். ஷிஃப்ட் ஆரம்பிக்கும்போதே யாருக்கு எந்த இடம்னு முடிவாயிடும், தீ இடத்துல போய் "நீ புடி, நான் புடிக்கிறேன்"னு சண்டை கிடையாது. நம்ம கம்பெனிங்க எடுத்துக்க வேண்டியது இதான், நோட்டீஸ் போர்டுல ஒரு பேப்பர் ஒட்டறதுக்கு என்ன செலவு?

இன்னொண்ணு அமெரிக்காவுல 1998லேர்ந்து சட்டமாவே இருக்கு, ரெண்டு பேர் உள்ள போனா ரெண்டு பேர் தயாரா வெளிய இருக்கணும். மேல மூணு பேர் டீம் உள்ள போகாதீங்கன்னு சொன்னது என் பயத்துல சொன்னதில்ல, இந்தக் கணக்குல சொன்னது.

கேஸ் பைப்புல லீக்காகி எரியுது, வால்வ மூடணும். அப்போ எப்படி போறது?

இது எல்லாரும் பண்ற வேலை இல்ல, பழகின டீம்தான் பண்ணணும். ரெண்டு லைன், ரெண்டு பிராஞ்ச்மேனும் பக்கத்து பக்கத்துல, ரெண்டு நாசில்லயும் அகலமான ஸ்ப்ரே, ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு படியற மாதிரி ஒரு தண்ணித் திரை. நடுவுல லீடர், ரெண்டு பேர் தோள்லயும் கை வச்சு "ஒரு எட்டு... ஒரு எட்டு"ன்னு நடத்திகிட்டு போவார். வால்வ மூடறது அவர் கை மட்டும்தான், பிராஞ்ச்மேன் ரெண்டு பேரும் திரைய விட்டு கண்ண எடுக்கக் கூடாது.

பேக்கப் ரெண்டு பேரோட வேலை இங்கதான் உச்சம், ரெண்டு ஹோஸும் ஒரே வேகத்துல நகரணும், ஒண்ணு பின் தங்கினா திரையில ஓட்டை. திரும்பும்போது யாரும் முதுக காட்டக் கூடாது, தீய பாத்துகிட்டே பின்னாடி நடக்கணும். ஜுவாலைய மட்டும் அணைச்சுட்டு லீக்க விட்டுடாதீங்க, அணைஞ்ச கேஸ் வேற எங்கயாவது போய் சேந்து அப்புறம் மொத்தமா புடிச்சுக்கும்.

எனக்கு பிராஞ்ச் மட்டும் கத்துக்குடுங்க சார், மத்ததெல்லாம் எதுக்கு?

மத்தது தெரியாம பிராஞ்ச் வராது. என் ட்ரில்ல எல்லாரும் எல்லா இடத்துலயும் ஒரு சுத்து நிக்கணும், முதல்ல வால்வு, அப்புறம் மூலை, அப்புறம் பேக்கப், கடைசியாத்தான் பிராஞ்ச். பேக்கப்ல நின்னு அந்த தள்ள உடம்புல வாங்கினவர் பிராஞ்சுக்கு வந்தா லீவர டபக்குனு திறக்கவே மாட்டார், பின்னாடி இருக்கறவர் படற பாடு அவருக்குத் தெரியும்.

எல்லாம் முடிஞ்சதும் ஹோஸ சுத்தி வைக்கறது யாரு வேலை?

ஆஹா, இதுக்கு மட்டும் எங்கயும் ஆளே கிடைக்காது. "மேக் அப்"னு லீடர் சொன்னதும் எல்லாரும்தான், ஜிஎம் வந்து பிராஞ்ச் புடிச்சு ஃபோட்டோ எடுத்திருந்தா அவரும்தான். ஒரு முனையிலேர்ந்து தோள் மேல போட்டு போட்டு நடந்தா உள்ள இருக்கற தண்ணி வடிஞ்சிடும். கிழிசல், கப்ளிங் ரப்பர் வாஷர் இருக்கான்னு அப்பவே பாக்கணும், பாக்கறவர் பேர எழுதியும் வைக்கணும்.

கான்வாஸ் ஹோஸ்னா நல்லா காயணும், ஈரத்தோட சுத்தினா பூஞ்சை புடிச்சு அடுத்த தடவை பிரஷர்ல பிரியும். இப்போ நிறைய இடத்துல இருக்கற ஆர்.ஆர்.எல். (ரப்பர் போட்டு பலப்படுத்தின) ஹோஸ் அவ்ளோ சீக்கிரம் கெடாது, ஆனாலும் தொடச்சு நிழல்ல போட்டுட்டு வைங்க. திருப்பி பொட்டியில வைக்கும்போது பிராஞ்சும் அதே பொட்டியில இருக்கான்னு பாருங்க. பித்தளைங்கறதால பழைய இரும்பு கடைக்குப் போயிடுது, மூணு கம்பெனில ட்ரில் அன்னிக்கு பொட்டிய திறந்தா ஹோஸ் மட்டும்தான் இருந்துச்சு.